கழற்றிப் பார்க்காமல் ‘மாற்றிவிடுங்கள்’ என்று சொல்லாதீர்கள்

திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் போன வாரம் நடந்தது இங்கிருக்கும் உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் தெரியும் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. சோலார் ஹீட்டரில் தண்ணீர் முன்போல் சூடாகவில்லை என்று வரவழைக்கப்பட்ட இளைஞர், ஒரு டியூபைக்கூடக் கழற்றாமல் கைபேசியில் படம் எடுத்து பெரியம்மாவின் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பி, “ரொம்பப் பழசாயிட்டு சார், இனி தேறாது, மொத்தமா மாத்திரலாம்” என்று சொல்ல, அவனும் அங்கிருந்தபடியே முன்பணத்தை அனுப்பிவிட்டான். அதே மாடியில் படியேறி வந்த மூச்சிரைப்போடு நின்றுகொண்டிருந்த பெரியம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவள் நான். ‘எதைக் கழற்றிப் பார்த்தீர்கள் தம்பி?’ என்று அந்த இளைஞரிடம் கேட்டதற்காகக் குடும்பக் குழுவில் எனக்குக் கஞ்சப் பட்டமும், அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறவள் என்ற பட்டமும் கிடைத்திருக்கின்றன.

நான் சொன்னது ஒன்றுதான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்: எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று முதலில் கழற்றிக் காட்டுங்கள், அதன் பிறகு மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். பழையது என்பது ஒரு பொருளின் வயதே தவிர, அதன் பழுது அல்ல.

சோலார் ஹீட்டர் ஏதோ புரியாத இயந்திரம் என்று நினைத்துத்தான் நாம் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம். அதில் சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது. கண்ணாடி டியூபுக்குள் சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே டேங்குக்கு ஏறுகிறது, குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு டியூபும் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு கண்ணாடிச் சுவர்களால் ஆனது. இடையில் காற்று இல்லாததால் உள்ளே பிடித்த சூடு வெளியே போவதில்லை. அந்த வெற்றிடம் கெட்டுப்போனதா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். டியூபின் அடி முனையில் வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு பூச்சு இருக்கும். உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் அது பால் போல வெளுத்துவிடும். நல்ல வெயிலில் தொட்டுப் பார்த்தாலும் தெரியும்: நல்ல டியூபின் வெளிப்புறம் சூடாக இராது, கெட்டது சுடும். பெரியம்மா வீட்டில் இரண்டு டியூப்களின் அடி வெளுத்திருந்தது. மற்றவை எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒரு டியூப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதோடு மேல் முனையில் மாட்டும் சிலிக்கோன் ரப்பர் வளையத்தையும் மாற்றினால் வேலை முடிந்தது. இந்த இரண்டையும் சொல்லாமல் மொத்தத்தையும் கழற்றி எறியச் சொல்வதை எந்தப் பெயரில் அழைப்பது என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது உப்பு. தாமிரபரணித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவது நம் ஊரில் பல வீடுகளின் வழக்கம். கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பிரிந்து படியும். டியூபின் அடியிலும், மழைக்காலத்துக்கென்று டேங்கில் வைத்திருக்கும் மின் காயிலின் மேலும் வெள்ளை ஓடாகப் பிடித்துக்கொள்ளும். இதைக் கழுவி எடுக்க முடியும், ஆனால் யாராவது கழற்ற வேண்டும். அதுவும் அதிகாலையில் கழற்ற வேண்டும். நண்பகல் வெயிலில் காய்ந்த வெற்று டியூபுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டால் கண்ணாடி வெடித்துவிடும். அந்த இளைஞர் வந்ததே பன்னிரண்டு மணி வெயிலில். கழற்றும் எண்ணமே இல்லாமல்தான் வந்தார் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? மாற்ற வேண்டிய நேரம் ஒன்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை. டேங்கின் உள்பாத்திரம் ஓட்டையாகிவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். உள்பாத்திரத்துக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே நுரை அடைத்திருப்பதால், பற்றவைத்தல் உள்ளே உப்பு தின்ற இடத்துக்கு எட்டாது. எட்டினாலும் நெடுநாள் நிற்காது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புத் தண்ணீர் துருப்பிடிக்காத எஃகையே வெல்டிங் ஓரத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். டேங்கின் அடியிலிருந்து சொட்டினால், அதுவும் டியூப் மாட்டும் வாயிலிருந்து அல்லாமல் வெளித்தகட்டின் மடிப்பிலிருந்து சொட்டினால், அன்றைக்கு நானே முதல் ஆளாக மாற்றச் சொல்வேன். பெரியம்மா வீட்டு டேங்கில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தரையில் கறைகூட இல்லை.

2010-இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின் காலத்தில், மத்திய அரசின் மானியம் கிடைத்ததால் பலர் ஹீட்டர் வாங்கி மாடியில் ஏற்றினார்கள். பிறகு அந்த மானியம் நின்றது. அன்று வாங்கியவை எல்லாம் இன்று ஒன்றாக வயதாகி நிற்கின்றன, ஆகவே இன்று பெரியம்மா வீட்டில் கேட்ட கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரும். வெறுத்துப்போய்க் குளியலறையில் மின்சார ஹீட்டர் மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். நாள்தோறும் அப்படிச் செலவழித்தால் ஒரே மாதத்தில் 100 யூனிட்டுக்கு மேல் அதற்கே போய்விடும்.

என் ஆச்சி வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் புகைபோக்கி, அடியில் சிரட்டையும் கரியும் போடும் தட்டு, பக்கத்தில் திருகு குழாய். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஆச்சியின் காலம் முடியும் வரை அதே பாய்லர்தான். அடி ஒழுகினால் பற்றவைப்பார்கள், தட்டு இற்றுப்போனால் தட்டை மட்டும் மாற்றுவார்கள். வந்த ஆள் முற்றத்தில் உட்கார்ந்து, ஒழுகும் இடத்தை ஆச்சியின் கையைப் பிடித்துத் தொட வைத்துக் காட்டிய பிறகுதான் கூலி பேசுவார். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் பிள்ளை பெற்று வந்து குளித்தது அந்த வெந்நீரில்தான். வீட்டுப் பெண்ணுக்குக் காட்டிவிட்டுக் கை வைப்பது அன்றைக்கு மரியாதையாக இருந்தது.

“புதிதாக வாங்கினால் உத்தரவாதம் உண்டே” என்கிறார்கள். உத்தரவாத அட்டையைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கண்ணாடி உடைவதும் உப்புத் தண்ணீரால் வரும் சேதமும் விலக்கு என்று பல அட்டைகளில் சிறிய எழுத்தில் இருக்கும். நம் ஊரில் அடிக்கடி வருவதே இந்த இரண்டு பழுதும்தான். “மெக்கானிக்கும் பிழைக்க வேண்டாமா” என்றார் சித்தப்பா ஒருவர். பிழைக்கட்டும். கழற்றிக் கழுவி மாட்டுகிறவருக்கு நல்ல கூலி கொடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். “பணம் கொடுப்பவன் அவன், உனக்கென்ன” என்று கேட்டவர்களுக்குத்தான் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது வலித்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு மீனாட்சிபுரத்துக்குள் வந்தபோது பெரியம்மா தனியாக மாடியில் இருந்தார்கள். கீழே பிரிட்ஜ், பீரோ, மெத்தை எல்லாம் சேற்றில் போயின. வெள்ளம் வடிந்து, மின்சாரம் திரும்பாத அந்த நாள்களில் வெயில் வந்ததும், மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் இதே ஹீட்டர் வழியாகத்தான் சூடாகி வந்தது. சேறு அள்ளிய நாங்கள் அத்தனை பேரும் அதில்தான் கைகால் கழுவினோம். அதன் பிறகு அந்த ஹீட்டரைப் பற்றிப் பெரியம்மா பேசும் விதமே வேறு. இந்தக் கதை மகனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் கேட்டதில்லை. எந்தக் குழாயைத் திறந்தால் முதலில் குளிர்ந்த தண்ணீர் வரும், எவ்வளவு நேரம் விட்டால் சூடு வரும், கார்த்திகை மழையில் எத்தனை மணிக்குக் காயிலைப் போட வேண்டும் என்று எல்லாம் தெரிந்த ஒருவரை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத இரண்டு பேர் திரையில் முடிவெடுத்தார்கள். அவன் அன்பில்தான் பணம் அனுப்பினான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நிமிடம் அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். “எனக்கு ஒண்ணும் வேண்டாம்ளா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்று பெரியம்மா என்னிடம் சொன்னபோது, ஹீட்டரைப் பற்றி மட்டுமா சொன்னார்கள்?

முன்பணம் போய்விட்டது, புதியது வரத்தான் போகிறது. பழையதை எடைக்குப் போட வேண்டாம் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்கள். இரண்டு டியூப் மாற்றி எங்கள் வீட்டு மாடியில் பொருத்த ஆள் பேசியாயிற்று. என்னை மூன்றாம் மனுஷி என்று எழுதியவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். பெரியம்மா கூப்பிட்டால் நான் மறுபடியும் அந்த மாடி ஏறுவேன். கிணற்று மோட்டார் இரண்டு நாளாகச் சத்தம் போடுகிறது என்று நேற்று சொன்னார்கள். கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஒருவரை நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறேன், பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள்.