மரை போனது அல்ல, அதைச் சொல்லாமல் விட்டதே என் புகார்

ஆயில் மாற்றப் பட்டறையில் கொடுத்து வாங்கிய என் மோட்டார் சைக்கிளில் நான் கண்ட, வெள்ளை நாடா சுற்றிய போல்ட்டின் படத்தை இங்கே இட்டதிலிருந்து வந்துகொண்டிருக்கும் அறிவுரைகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். ஆகவே சேர்த்தே எழுதிவிடுகிறேன். "ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று கேட்டவர்களில் பலர் நான் என்ன புகார் சொன்னேன் என்பதையே படிக்கவில்லை என்று தோன்றுகிறது. என்ஜின் ஆயிலை வடிக்கும் போல்ட் ஏறும் துளையின் மரை, அதாவது திருகு வரிகள், போய்விட்டது என்பது என் புகார் அல்ல. பட்டறைக்காரர்கள் அது போனதைக் கண்ணால் பார்த்த பிறகு, தண்ணீர்க் குழாய் வேலைக்குச் சுற்றும் நாடாவை அதில் சுற்றி, சுற்றிலும் பசையைப் பூசி, புது ஆயிலை ஊற்றி, ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியை என் கையில் கொடுத்தார்களே, அதுதான் என் புகார்.

இயந்திரப் பழக்கம் இல்லாத நண்பர்களுக்காக நடந்ததைச் சற்று விளக்குகிறேன். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜினின் அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு. ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட் எஃகு. அளவுக்கு மீறி இறுக்கினால் இரண்டில் மென்மையானதுதான் முதலில் கெடும். என்ஜின் பக்கத்து மரை அறுந்துவிடும். அதன் பிறகு ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப போல்ட் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர இறுகாது. வெளியே எடுத்துப் பார்த்தால் போல்ட்டின் மரைப் பள்ளங்களில் அலுமினியம் சுருள் சுருளாகச் சிக்கியிருக்கும். நாடாவை உரித்தபோது என் போல்ட்டில் நான் பார்த்ததும் அதைத்தான். "புது போல்ட் வாங்கிப் போட்டால் தீர்ந்தது" என்று எழுதியவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: கெட்டது போல்ட் அல்ல, என்ஜினின் உடல். எத்தனை புது போல்ட் வாங்கினாலும் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே மரை இல்லை.

இது எவ்வளவு குறைந்த விசை போதுமான இடம் என்பதையும் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் இந்த போல்ட் 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்டது. தயாரிப்பாளர்களின் கையேடுகள் அதற்குச் சொல்லும் முறுக்கு விசை பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அவரவர் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். 25 நியூட்டன் மீட்டர் என்றால், 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரைப் படுக்கையாக வைத்து அதன் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசை. அவ்வளவுதான். அதே ஸ்பேனரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கி, உடம்பின் பாரத்தில் 40 கிலோவை அதன்மேல் ஏற்றினால் 200 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். வேண்டியதைப் போல எட்டு மடங்கை அந்த மெல்லிய அலுமினிய மரை எப்படித் தாங்கும்? அந்தப் பட்டறையில் குழாய் செருகிய ஸ்பேனர் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். அது எதற்கு என்று அன்று கேட்காமல் வந்துவிட்டேன்.

இறுக்கினால்தான் கசியாது என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். கசிவைத் தடுப்பது போல்ட்டின் தலைக்கு அடியில் இருக்கும் வாஷர். செம்பிலோ அலுமினியத்திலோ செய்த அந்த வளையம், இறுக்கும்போது இலேசாக நசுங்கி இரண்டு பரப்புகளுக்கும் இடையே உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை நிரப்புகிறது. ஒருமுறை நசுங்கியதை மறுமுறையும் போட்டால் அது அதே அளவுக்கு நிரப்பாது, ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். உடனே இன்னும் கால் சுற்று. அடுத்த முறை ஆயில் மாற்றும்போதும் அதே வாஷர், மேலும் கால் சுற்று. மிகச் சிறிய ஒரு வளையத்தை மாற்ற மனமில்லாமல் என்ஜினின் உடலையே கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறார்கள்.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் முன்பு யாரோ இறுக்கியதால்தான் மரை பலவீனமாகியிருக்கும், கடைசியில் கை வைத்தவர் மேல் பழியைப் போடுகிறாயே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டி பழையது, அதற்கு முன்பு பல கைகள் அந்த போல்ட்டைத் திறந்து மூடியிருக்கின்றன. அலுமினிய மரை ஒவ்வொரு மிகையான இறுக்கத்திலும் சிறிது இழுபட்டு, கடைசியில் ஒருநாள் சாதாரண விசைக்கே அறுந்துபோவதும் உண்டு. அன்று அந்தப் பட்டறையில் அதுவே நடந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படியென்றால் சொல்வதற்கு என்ன தடை? தவறு தன்னுடையது அல்ல என்று நம்புகிறவர், வண்டிக்காரரைக் கூப்பிட்டு, போல்ட்டைக் காட்டி, "முன்பே இப்படி இருந்திருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லலாமே. நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். நாடா எதற்கு? பசை எதற்கு? ஒளித்து வைத்த பிறகு "பழைய வண்டி, அப்படித்தான்" என்பது காரணம் ஆகாது.

"இவ்வளவு தெரிந்தவர் நீங்களே ஆயில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே" என்றவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

எனக்கு இதில் இவ்வளவு வலிக்கக் காரணம் உண்டு. பள்ளி நாட்களில் விடுமுறை வந்தால் நான் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில்தான் கிடப்பேன். அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். ஆயில் போல்ட்டைத் திரும்பப் போடும்போது ஸ்பேனரைத் தொடவே விடமாட்டார். விரலால் மட்டும் திருப்பு என்பார். மூன்று நான்கு சுற்று விரலிலேயே வழுவழுவென்று ஏற வேண்டும். இடையில் முரண்டு பிடித்தால் போல்ட் கோணலாக ஏறுகிறது என்று பொருள், உடனே பின்னால் திருப்பி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். வாஷர் போய்த் தொட்ட பிறகுதான் ஸ்பேனர், அதுவும் கைப்பிடியின் நுனியைப் பிடிக்காமல் தலையை ஒட்டிப் பிடித்துத்தான். ஒருமுறை அவர் கையிலேயே ஒரு வண்டியின் மரை போய்விட்டது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் முகம் சுருங்கியது. அழுக்குக் கையைத் துடைக்கக்கூட இல்லை. நேராக எழுந்து போய் வண்டிக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னார், "என் கையில் போய்விட்டது, சரிசெய்து கொடுக்க நாளை வரை நேரம் வேண்டும்" என்று. அந்த வண்டிக்காரர் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் அவரிடமேதான் வந்துகொண்டிருந்தார். மெக்கானிக்குகளை நான் அவமதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அண்ணனைப் பார்த்து வளர்ந்த நான், அந்தத் தொழிலை மதிப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"கசியவில்லையே, ஓடிக்கொண்டுதானே இருந்தது" என்ற வாதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதலாவது, கசிந்தது. நிறுத்திய இடத்தில் கறையைப் பார்த்த பிறகுதான் நான் குனிந்தே பார்த்தேன். இரண்டாவது, அந்த நாடா நூலளவு துணுக்குகளாகப் பிரிந்து ஆயிலோடு உள்ளே போகக்கூடியது. ஆயில் பம்ப்பின் வடிகட்டி வலையில் போய் அடைத்துக்கொள்ள அதற்கு வழி இருக்கிறது. அது நீர்க் குழாய்களின் கூம்பு மரைகளுக்காக உருவானது. வாஷரால் அடைபடும் நேர் மரைக்கு அதனால் எந்த வேலையும் இல்லை. மூன்றாவது, மரை அற்றுப்போன துளையில் பசையின் பிடிப்பில் மட்டும் நிற்கும் போல்ட், என்ஜினின் சூட்டிலும் அதிர்விலும் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் ஆயிலின் பெரும்பகுதி விரைவிலேயே வெளியேறிவிடும். அது எங்கே போகும்? பல வண்டிகளில் அந்த போல்ட் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. வளைவில் வண்டியைச் சாய்த்திருக்கும் நேரத்தில் பின் டயரின்மேல் சூடான ஆயில் பட்டால் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை. அந்த வண்டியின் பின் இருக்கையில் என் அம்மாவை உட்கார வைத்து நான் போயிருக்கிறேன். அதுவும் சாவி என் கைக்கு வந்த பிறகு, கறையைப் பார்ப்பதற்கு முன்பு. ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இனியும் கேட்பீர்களா?

ஒழுங்காகச் சரிசெய்ய வழி இல்லாமலும் இல்லை. போல்ட் சும்மா சுற்றிக்கொண்டு வெளியே வராமல் இருந்தால், அதன் தலைக்கு அடியில் மெல்லிய நெம்புகோலைக் கொடுத்து வெளிப்பக்கம் இழுத்தபடி இடப்பக்கமாகத் திருப்பினால் வந்துவிடும். வாஷர் அமரும் பரப்பில் இடம் இருந்தால் ஒரு அளவு பெரிய மரையை டேப் (மரை வெட்டும் எஃகுக் கருவி) போட்டு வெட்டி 14 மில்லிமீட்டர் போல்ட் போடலாம். அதைவிட நல்லது, துளையைப் பெரிதாக்கி மரை வெட்டி, எஃகுச் சுருளையோ எஃகுப் புஷ்ஷையோ (உள்ளே மரை உள்ள சிறு குழல்) உள்ளே பதிப்பது. அப்போது போல்ட் பழைய அளவிலேயே இருக்கும். எஃகு மரையில் எஃகு போல்ட் ஏறுவதால் பழைய அலுமினிய மரையைவிட அது உறுதியாகவே நிற்கும். தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் அவசர போல்ட்டுகளும் கிடைக்கின்றன. அவை கோணலாக ஏறிவிடும் ஆபத்து அதிகம் என்பதால் நான் அவற்றை விரும்புவதில்லை.

என் வண்டியைக் கடைசியில் சரிசெய்து கொடுத்தவர் வயதான ஒரு லேத் தொழிலாளி. டேப்பின் பள்ளங்களில் கிரீஸைத் தடவி, சிறிது திருப்பி, வெளியே எடுத்து, கிரீஸில் ஒட்டிய அலுமினியத் துருவலைத் துடைத்து, புதிதாக கிரீஸ் தடவி, மறுபடி திருப்பி என்று பொறுமையாகச் செய்தார். அலுமினியத் துருவல் காந்தத்தில் ஒட்டாது, உள்ளே விழுந்தால் காந்தம் வைத்த போல்ட்டும் அதைப் பிடிக்காது, ஆகவே விழவிடாமல் பார்ப்பதுதான் ஒரே வழி என்றார். பல வண்டிகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால் ஒரு துருவல் எங்கு வேண்டுமானாலும் போகும். பிறகு மேலிருந்து கொஞ்சம் ஆயிலை ஊற்றி, திறந்த துளை வழியே வடியவிட்டு, வடிந்ததை வெள்ளைத் துணியில் பார்த்து, திருப்தியான பிறகுதான் புது வாஷரோடு போல்ட்டைப் போட்டார். இது ஒரு பிற்பகல் வேலை. மறைப்பதற்கு எடுத்துக்கொண்ட சிரமத்தோடு இன்னும் சிறிது நேரத்தைச் சேர்த்திருந்தால் அவர்களே இதைச் செய்திருக்கலாம், அல்லது செய்பவரிடம் என்னை அனுப்பியிருக்கலாம்.

பழைய போல்ட்டை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. உரிமையாளர் போல்ட்டைப் பார்த்தார், பிறகு உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும், "இவன் செய்த வேலை இது" என்றார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் கோபம் முழுவதும் அங்கேதான் திசை மாறியது. அவனிடம் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொடுத்தீர்களா என்று கேட்டேன். பட்டறையிலேயே அது இல்லை. இந்த வண்டிக்கு எவ்வளவு விசை என்று எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அனுபவத்தில் கை பழகிவிடும் என்றார். யார் வண்டியில், யார் செலவில் அந்தக் கை பழகுகிறது? மரை போனதும் அவன் பயந்துபோய் உரிமையாளரிடம்தான் ஓடியிருக்கிறான். நாடாவைச் சுற்றச் சொன்னது அவர்தான் என்று அவர் பேச்சிலிருந்தே வெளிவந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு அதை ஒளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிடிபட்டதும் பழியையும் அவன் தலையில் வைத்தார். ஒரு தொழிலை ஒருவனுக்கு இப்படியா கற்றுக்கொடுப்பது? எனக்கு நேர்ந்தது ஒரு பழுது, சரியாகிவிட்டது. அவனுக்கு நேர்ந்ததை எந்த லேத்தில் சரிசெய்வது?

உரிமையாளரிடம் நான் இழப்பீடு கேட்கவில்லை. ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வையுங்கள், ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள், எது உடைந்தாலும் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள், இந்தப் பையனைத் திட்டாதீர்கள் என்றுதான் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

ஏழையின் வயிற்றில் அடிக்காதே என்று எனக்கு எழுதியவர்களும், பட்டறையின் பெயரைச் சொல், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியவர்களும் இனி அதைக் கேட்க வேண்டாம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் முதலில் வேலை போவது அந்தப் பையனுக்குத்தான்.