வலைக்கூடத்துக் கணக்கு

இளைஞர்கள் தாங்களே முன்னின்று நடத்தும் ஊர்ப்பணிகளுக்கு நிதி வழங்கும் அறிவிப்புகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஊர் மக்களிடையே 'நாம் ஒருவருக்கொருவர் உரியவர்கள்' என்ற உணர்வை வளர்ப்பதே அவற்றின் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. இந்த வாரம் எங்கள் பகுதிப் பிள்ளைகள் மூவர் அப்படி ஒரு விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். அவர்களிடம் சொன்னதை நிதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் மண்டபத்திலிருந்து தேவிபட்டினம் நோக்கிப் போகும் வடகடல் கரையில் இருக்கிறது. கடற்கரைத் தெரு, பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு என்று மூன்று தெருக்கள். மூன்றுக்கும் தனித்தனித் திருவிழா, தனித்தனிக் கிரிக்கெட் அணி. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மீனவர்கள் வலை சீர்செய்யும் கூடம் ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் பதினொரு இளைஞர்கள் அந்த வலைக்கூடத்தில் மாலை நேரப் படிப்பகம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெரியவர்களிடம் காற்று, நீரோட்டம், மீன் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்வதும் அவர்களுடைய வேலையாக இருந்தது. அந்தப் பதினொரு பேரில் இருவர் மண்டபம் முகாமிலிருந்து பேருந்தில் வந்து போனவர்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இருவரும் பிறந்தது இங்கேதான்.

ஒரு மாலை அந்த இருவரில் ஒரு பெண் தன் அம்மாச்சியை அழைத்து வந்திருந்தார். எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த மீனவர் ஒருவர் காற்றுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாடை, கொண்டல், சோழகம் என்று சொல்லி அவர் நிறுத்திய இடத்தில், அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மாச்சி, "கச்சானை விட்டுட்டியளே" என்றார். மன்னாரில் அவர் அப்பாவும் அதே பெயரைத்தான் சொல்லிக் கேட்டாராம். பெரியவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க தாயீ, முன்னாடி வந்து உக்காருங்க" என்றார். அன்றைக்கு இரவு எட்டு மணி வரை இருவரும் கடலைப் பற்றிப் பேசினார்கள். நான் பார்த்தவற்றில், எந்த அறிக்கையிலும் எழுதிக் காட்ட முடியாத அளவுக்கு முழுமையான நிகழ்வு அதுதான்.

அதன் பிறகு, நோக்கம் பொருந்துகிறது என்பதால் ஓர் அமைப்பிடம் நிதி கேட்டு விண்ணப்பித்தோம். விண்ணப்பத்துடன் உறுப்பினர் அனைவரின் வாக்காளர் அடையாள அட்டை நகல்களும் இணைக்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள். முகாமில் வாழும் அந்த இருவருக்கும் குடியுரிமை இல்லை; எனவே வாக்காளர் அட்டையும் இல்லை. எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பதில், "அவர்கள் இருவரையும் பட்டியலில் சேர்க்காமல் அனுப்புங்கள்" என்பதாகவே இருந்தது. பணம் தேவைப்பட்டதால் நாங்களும் அப்படியே அனுப்பினோம். படிப்பகத்தின் வரவு செலவை முதல் நாளிலிருந்து எழுதி வந்தவர் அந்தப் பெண்தான். ஒப்புதல் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரையே 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ஒரு சொல் மனிதரை எவ்வளவு தள்ளி நிறுத்துகிறது என்பதை அரசு உணர்ந்த இடத்தில், ஊர் ஒற்றுமைக்கென்றே வந்த ஒரு படிவம் அதை உணரவில்லை. அன்று அதை ஏற்றுக்கொண்டதில் எனக்கும் பங்கு உண்டு; அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

பணம் ஜனவரி கடைசியில் வந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவை பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கும் மாதங்கள். விசைப்படகுகள் கடலில் இருக்கும் மாதங்களும்கூட. எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் விசைப்படகு இளைஞர்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட பிறகும் அது வீட்டுச் செலவுக்கே பற்றாது. ஊர் கூடி ஒரு வேலை செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் கிடையாது. அந்தக் காலம் தொடங்கும்போது எங்கள் திட்டம் முடிந்து, மீதிப் பணமும் திரும்பிப் போயிருந்தது.

எதற்குச் செலவு செய்யலாம் என்பதிலும் இதே நிலைதான். பதாகைக்கும் டி-சர்ட்டுக்கும் சான்றிதழுக்கும் செலவுத் தலைப்பு இருந்தது. மாலைத் தேநீருக்கும், இரவில் பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் ஆட்டோவுக்கும், முகாமிலிருந்து வரும் இருவரின் பேருந்துச் செலவுக்கும் தலைப்பு இல்லை. ஆட்டோ இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் வருவது நின்றுவிடும் என்பதைப் பணம் ஒதுக்கியவர்களுக்குப் புரியவைக்க எங்களால் முடியவில்லை.

"கணக்கு கேட்கக் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். விழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வரவு செலவை வரி வரியாக வாசிப்பார்கள். சந்தேகம் உள்ளவர் எழுந்து நின்று கேட்கலாம். அந்தப் பெண்ணும் படிப்பகக் கணக்கை வலைக்கூடத்தில் அப்படித்தான் வாசித்தார். குயர் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, "ஆட்டோ, மூன்று நடை" என்று அவர் வாசித்தபோது, யார் யார் போனார்கள் என்று ஒருவர் கேட்டார். பெயர்களைச் சொன்னார். அத்துடன் அந்தச் செலவு பற்றிய பேச்சு முடிந்தது. நிதி தந்த அமைப்பின் தணிக்கையில் அதே செலவு, ரசீது இல்லை என்று தள்ளுபடி செய்யப்பட்டது.

சட்டங்களின் நெருக்கடியையும் நான் அறிவேன். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. சிறிய குழுக்களுக்குப் பெரிய தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்த அந்தப் பணம் அத்துடன் நின்றது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆனால் 2021 முதல் அந்தப் பணத்தைக் கொண்டு பணி செய்யும் அமைப்புகள் அதற்கெனத் தனியே பதிவு செய்திருக்க வேண்டும். வலைக்கூடத்துப் பிள்ளைகளால் அந்தப் படிகளையெல்லாம் ஏற முடியாது. ஊரார் பங்கோடு நடக்கும் நமக்கு நாமே திட்டத்தில் பெரும்பாலும் கட்டடமும் சாலையும் போன்ற பணிகள்தான் நடக்கின்றன. ஆகவே பதிவு பெற்ற ஓர் அமைப்பு உள்நாட்டு நிதியைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, எதற்கு, எப்போது செலவிடுவது என்ற முடிவை மட்டும் இளைஞர்களிடம் விட்டுவிடலாம். மே 1 கிராம சபை தடைக்காலத்துக்குள்ளேயே வருகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் பணம் வந்தால் திட்டத்தை அந்தச் சபையில் அறிவித்து, கணக்கை ஆகஸ்ட் 15 சபையில் வாசித்து முடிக்கலாம். பெரிய தொகை வேண்டாம். சிறு தொகையாக மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வரட்டும்.

இதில் எனக்கு உண்மையான அச்சம் ஒன்றும் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இளைஞர் மன்றம் என்ற பெயரில் இருப்பவற்றில் பல, ஒரு தெருவின் அல்லது ஒரு சாதியின் பிள்ளைகள் மட்டும் சேர்ந்தவை. அவர்களுக்கும் தங்களுக்குள் பாசமும் பிடிப்பும் நிறையவே இருக்கிறது. அது பக்கத்துத் தெருவுக்கு எதிராகத் திரும்ப ஒரு பிளக்ஸ் பதாகை போதும். ஒற்றுமை உணர்வுக்கென்று கொடுக்கும் பணம் அப்படிப்பட்ட குழுவுக்குப் போனால், கொடுக்காமல் இருப்பதைவிடக் கேடு. எனவே நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எத்தனை தெருக்களின் பிள்ளைகள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள், சாவி யார் வீட்டில் இருக்கிறது, கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்று நேரில் வந்து கேட்க வேண்டும். ஒரு மாலை வந்து உட்கார்ந்தாலே இதெல்லாம் தெரிந்துவிடும்.

பாம்பனில் 2016 முதல் 90.4 அலைவரிசையில் ஒலிக்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலியை இந்த வாரம் என்னிடம் வந்த மூன்று பிள்ளைகளும் கேட்டு வளர்ந்தவர்கள். தங்கள் பேச்சு வழக்கிலேயே கடல் செய்தி வருவதைக் கேட்டவர்களுக்கு, தங்கள் ஊர்ப் பெரியவர்களின் குரலையும் பதிவு செய்து ஒலிபரப்பக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறோம். இந்த முறையும் உறுப்பினர்கள் பதினொரு பேர்தான், அவர்களில் முகாம் பிள்ளைகள் இருவர். பட்டியலில் பதினொரு பெயரும் இருக்கின்றன. அடையாள அட்டைக்கான கட்டத்தில் அந்த இருவருக்கும் முகாம் அட்டையின் எண்ணை எழுதி, பெயரை நீக்கச் சொன்னால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு கடிதமும் இணைத்திருக்கிறோம். கடிதத்தில் பதினொரு பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நாளை காலை தபாலில் போகிறது.