கேமராவை ஆன் பண்ணச் சொல்வதை நிறுத்திவிட்டேன்

ஆன்லைனில் பாடம் எடுக்க வந்த முதல் வருடம் நான் அதிகம் சொன்னது, "கொஞ்சம் கேமராவை ஆன் பண்ணுங்க." முப்பது கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கேள்வி கேட்டால் யாராவது ஒருவர் 'எஸ் சார்' என்று தட்டிவிடுவார், அதோடு சரி. இவர்களுக்கு அக்கறையே இல்லை என்று வீட்டில் புலம்புவேன்.

அப்புறம் நானே ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். நாலாவது வாரம் நின்றுவிட்டேன். சோம்பல் இல்லை. ஒரு கணக்கு பிடிபடவில்லை, கேட்க ஆளில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். பத்து நாள் போனதும் உள்ளே போகவே கூச்சமாகிவிட்டது. நான் காணாமல் போனதை எந்த மனிதரும் கவனிக்கவில்லை. 'உங்கள் கற்றல் பயணம் காத்திருக்கிறது' என்று இயந்திரம் மட்டும் மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் தளத்தில் நடத்திய இலவச கோர்ஸ்களை 2017-18இல் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். காசு கட்டவைத்தால் படிப்பார்கள் என்று இதற்கு அர்த்தம் சொல்கிறவர்கள் உண்டு. படித்தே தீருவது என்று வந்தவர்தானே காசே கட்டுகிறார்! அவர்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வீடியோவைச் சின்னதாக்குங்கள் என்பார்கள். நியாயம்தான். எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை 2014இல் அலசியபோது, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிப் பேர் ஆறு நிமிடத்துக்குள் கிளம்பிவிட்டது தெரிந்தது. ஆனால் நறுக்கிப் போட்டால் மட்டும் ஆகாது. 2013இல் ஹார்வர்டில் 21 நிமிடப் புள்ளியியல் பாடம் ஒன்றை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பின் சிறு தேர்வு வைத்துப் பார்த்தார்கள். தேர்வு எழுதியவர்களுக்குக் கவனம் சிதறுவது பாதியாகக் குறைந்தது. கவனத்தைப் பிடித்து வைத்தது நடுவில் வந்த கேள்விதான். பேட்ஜும் பாயிண்டும் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

கேமராவில் முகம் தெரியும், எங்கே மாட்டிக்கொண்டார் என்பது தெரியாது. அதனால் இப்போது ஒன்றுதான் செய்கிறேன். இரண்டாவது வாரக் கடைசியில் யார் எந்தக் கணக்கோடு நின்றுவிட்டார் என்று பார்த்து, நானே கைப்பட இரண்டு வரி எழுதுகிறேன்: "ஐந்தாவது கணக்கு வரை வந்துவிட்டீர்கள், ஆறாவதில் எங்கே இடிக்கிறது?" எல்லோரும் பதில் போடுவதில்லை. இருநூறு பேர் இருந்தால் இது நடக்காது என்பதும் தெரியும். அங்கே ஆறு ஆறு பேராகக் குழு பிரித்து, ஒருவரையொருவர் விசாரிக்கச் சொல்லலாம்.

போன பேட்சில் ஒருவர் நடுராத்திரியில் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். ஒரே கணக்கை நாலு முறை போட்டு, நாலு முறையும் அடித்திருந்தார். கேள்வியில் நான்தான் மைனஸ் குறியை விட்டிருந்தேன். அந்தக் கணக்கோடு நின்றுபோனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒருவர்கூட அதுவரை என்னிடம் கேட்டிருக்கவில்லை.