உயிர்வேலியில் காணாமல் போகும் சிவப்பு

1940களிலும் 50களிலும் இங்கிலாந்துக் கிராமங்களில் வளர்ந்தவர்கள் சின்ன வயதுக் கதை பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் காட்டு ரோஜாப் பழம் வந்துவிடும். முள் கீறிய கை, பள்ளிக்கூடத்துத் தராசு, ராத்தலுக்கு மூன்று பென்ஸ், முன் பெஞ்சுக்காரன் சட்டைக்குள் போட்ட சுணை. கேட்கிறவர்கள் ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெருமூச்சு எனக்கு ஒப்பாது. செடி இன்றும் அதே உயிர்வேலியில்தான் நிற்கிறது. பழுக்கிற நேரம் பார்த்து அதை வெட்டித் தள்ளுவதால்தான் இன்றைய பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போகிறது. இதை மாற்ற முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வயல்களுக்கு நடுவே ஹாத்தார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகள், நாவல் நிறத்துப் பழம் தரும் பிளாக்பெரி கொடி எல்லாம் பின்னிக்கிடக்கும் வேலிகளில் ‘டாக் ரோஸ்’ என்ற காட்டு ரோஜாவும் ஏறியிருக்கும். ஜூனில் வெளிர் இளஞ்சிவப்பாக ஐந்திதழ்ப் பூ. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆரஞ்சு கலந்த சிவப்பில் பழம். ஊர்க்காரர்கள் ‘ஹிப்’ என்பார்கள். சுண்டுவிரல் நுனியளவு, குடுவை வடிவம். சதை மெல்லிய தோல் மாதிரிதான். உள்ளே முழுக்க விதையும் சுணையும்.

இதற்கு மதிப்பு வந்தது இரண்டாம் உலகப் போரால். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது ஆரஞ்சு அரிதாகிவிட்டது. வைட்டமின் சி-க்கு உள்ளூரில் வழி தேட வேண்டிய நிலை. ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி ரோஜாப் பழத்தில் இருப்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். அதைப் பாகாகக் காய்ச்ச 1941 முதல் அரசே சேகரிப்பை நடத்தியது. பள்ளிகள், சாரணர்கள், மாதர் சங்கங்கள் எல்லாம் இறங்கின. போர் முடிந்த பிறகும் நியூகாசிலில் ‘டெல்ரோசா’ என்ற பெயரில் பாகு காய்ச்சிய நிறுவனத்துக்காக வடக்குப் பகுதிப் பிள்ளைகள் பறித்தார்கள். கூலி ராத்தலுக்கு 3 பென்ஸ். அன்றைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆக நாலு ராத்தல் பறித்தால் ஒரு ஷில்லிங். ஒரு ராத்தல் என்பது 450 கிராம் சொச்சம், அதற்கே இருநூறு பழத்துக்கு மேல் வேண்டும். போர்க்காலத்தில் வந்த மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதன் பிறகு அந்த ஷில்லிங்கை வைத்துக்கொண்டு கடைக்குப் போன பிள்ளை எதைக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பறிப்பதில் ஒரு முறை உண்டு. முள் கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்திருக்கும், கையை வெடுக்கென்று இழுத்தால் ஆழமாகக் கிழிக்கும். வளைந்த பிடியுள்ள கைத்தடியைத் துறட்டிபோல மாட்டி மேல்கிளையைத் தாழ்த்தி, ஒரு கையில் கிளை, மறு கையில் பழம் என்று திருகி எடுக்க வேண்டும். முழுச் சிவப்பாகவும் அழுத்தினால் கெட்டியாகவும் இருப்பதுதான் சரியான பதம். பனி விழுந்து கொழகொழத்தது பாகுக்கு ஆகாது, வைட்டமினும் குறைந்துபோயிருக்கும். அதே வேலியில் பிளாக் பிரயோனி என்ற கொடியும் சிவப்பாகக் காய்க்கும். அது விஷம். முள் கிடையாது, இலை இதய வடிவம், பழம் கோத்த மணிபோல் உருண்டையாகச் சரம்சரமாகத் தொங்கும். முள்ளில்லாத செடியில் சிவப்பைக் கண்டால் தொடாதே என்பது பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டிய பாடம்.

இனி பாகு. போர்க்கால உணவு அமைச்சகம் வீடுகளுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு இன்றும் சரியாகவே வருகிறது. பழம் 900 கிராம், சர்க்கரை 560 கிராம். முதலில் 1.7 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். தண்ணீர் கொதித்த பிறகுதான் பழத்தை அரைக்க வேண்டும். அதுவும் கொரகொரப்பாக. அரைத்த கையோடு கொதிநீரில் கொட்டிவிடுங்கள். இந்த வரிசையை மாற்றினால் உழைப்பு வீண். பழம் நசுங்கியதும் அதிலுள்ள நொதி வைட்டமின் சி-யை அழிக்கத் தொடங்கும், கொதிச்சூடுதான் அதை நிறுத்தும். பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரமும் அதே கெடுதலைச் செய்யும். எவர்சில்வர் அல்லது எனாமல் போதும்.

மறுபடி ஒரு கொதி வந்ததும் இறக்கி 15 நிமிடம் வைத்து, கெட்டித் துணியால் வேடு கட்டி வடிகட்டுங்கள். சக்கையை 850 மில்லி கொதிநீரில் மீண்டும் போட்டு, 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை வடிகட்டுங்கள். பலரும் பிழை செய்வது இந்த இடத்தில்தான். சீக்கிரம் முடியட்டும் என்று துணியைப் பிழிந்தால் சுணை சாற்றோடு இறங்கிவிடும். விதையைச் சுற்றியிருக்கும் அந்த மயிர்கள் மெல்லிய ஊசிகள். தொண்டையிலும் குடலிலும் உறுத்தும். வகுப்பில் சட்டைக்குள் போட்டு விளையாடிய அரிப்புப் பொடி இதுவேதான். அதனால் முதலில் சொட்டும் அரைக் கோப்பையைத் திரும்பத் துணியிலேயே ஊற்றுங்கள். பிறகு துணியை அலசி, மொத்தச் சாற்றையும் ஒருமுறை தானாகச் சொட்ட விடுங்கள்.

சாறு 850 மில்லியாகச் சுண்டியதும் சர்க்கரை சேர்த்து 5 நிமிடம் கொதிக்க வைத்தால் பாகு தயார். வெந்நீரில் கொதிக்கவைத்த சின்னச் சின்னக் குப்பிகளில் சூடாக ஊற்றி மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பெரிய பாட்டில் வேண்டாம். திறந்தால் ஓரிரு வாரம்தான் தாங்கும், பிறகு பூசணம் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அழும் குழந்தையின் சூப்பானில் இந்தப் பாகைத் தோய்த்துக் கொடுக்கும் வழக்கம் பின்னாளில் பரவி, எத்தனையோ குழந்தைகளுக்கு முன்பற்கள் முளைத்த வேகத்தில் சொத்தையாகின. கரண்டியால் கொடுப்பதை சூப்பானில் தடவிக் கொடுத்ததால் வந்த வினை அது.

பறிக்கச் சட்டம் இடம் தருமா என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, தானாக வளர்ந்த செடியின் பழத்தை விற்கவோ கூலிக்கோ அல்லாமல் பறித்தால் திருட்டாகாது. அதாவது வீட்டுக்குப் பாகு காய்ச்சலாம். ராத்தலுக்கு இவ்வளவு என்று பேசிப் பறிப்பதானால் நில உரிமையாளர் சம்மதம் வேண்டும். அடுத்தவர் வயலுக்குள் இறங்குவது தனி விஷயம். பாதையோரத்தில் நின்றே பறிக்கலாம்.

என் ஆதங்கம் வெட்டும் நாளைப் பற்றியது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பண்ணை உயிர்வேலிகளைக் கத்தரிக்கக் கூடாது என்பது விதி. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் செப்டம்பர் பிறந்ததும், நிலம் ஈரமாகி டிராக்டர் புதையுமுன் முடித்துவிடலாம் என்று வெட்டுப்பொறியை ஓட்டுகிறார்கள். பழம் சிவக்கத் தொடங்கிய வாரத்திலேயே கிளை போய்விடுகிறது. அதைவிட மோசம், ஆண்டுதோறும் வெட்டுவது. இந்த வேலிச் செடிகள் பெரும்பாலும் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில்தான் பூக்கும். அந்தக் கிளையைத் தவறாமல் சீவினால் பூ ஏது, பழம் ஏது? வேலி பச்சைச் சுவர்போல ஒழுங்காக நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து பசியோடு வந்திறங்கும் ஃபீல்ட்ஃபேர், ரெட்விங் பறவைகளுக்கும் அதே ஏமாற்றம்தான்.

பாதையோரம் பார்வை மறைக்கும் இடத்தில் ஆண்டுதோறும் வெட்டத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. மற்ற வேலிகளை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும், அதுவும் ஜனவரி பிற்பாதியிலோ பிப்ரவரியிலோ நிலம் உறைந்து கெட்டியான நாளில் வெட்டலாம். வெட்டும்போது முந்தைய வெட்டுக்கு நாலு விரல் மேலே வெட்டினால் புதுக் கிளை கொஞ்சம் தங்கும். கிராமத்துப் பள்ளியோ ஊராட்சியோ பக்கத்துப் பண்ணைக்காரரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: பள்ளிக்குப் போகிற பாதையில் நூறு மீட்டர் வேலியை நவம்பர் முடியும்வரை விட்டுவையுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டியதைப் பறிக்கட்டும். உச்சியில் இருப்பது பறவைக்கு.