பைல் பதிவேடு யார் கையில் இருக்கிறது?

கட்டடத்தின் சுமையைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களைத்தான் பைல் என்கிறோம். அந்த ஆழ அடித்தளத் துறையின் செய்திப் பக்கங்களைத் தினமும் புரட்டுவது என் வழக்கம். சில ஆண்டுகளாக அங்கே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஆழமும் விட்டமும் புது இயந்திரமும்தான். சவூதி அரேபியாவின் ஜெட்டா கோபுரத்தின் வேலை 2025 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது, அதன் அடியில் இருக்கும் 270 பைல்களும், அவற்றில் மிக ஆழமானவை 100 மீட்டரைத் தாண்டி இறங்கியிருப்பதும் மறுபடி பேச்சாயின. கடலில் காற்றாலைகளுக்காக அடிக்கப்படும் ஒற்றைப் பைல்களின் விட்டம் 10 மீட்டரை எட்டிவிட்டது. பேட்டரியில் ஓடும் துளையிடும் இயந்திரத்தை, அதாவது ரிக்கை, 2019இல் லீப்ஹெர் நிறுவனம் கொண்டுவந்தது. டீசல் புகையும் இரைச்சலும் இல்லாத ரிக்குகள் இனி வழக்கமாகிவிடும் என்று தோன்றுகிறது.

இவையெல்லாம் சாதனைகள்தான். நானும் ஆசையோடுதான் படிக்கிறேன். ஆனால் ஒரு கட்டடம் நேராக நிற்குமா, சாயுமா என்பதை முடிவு செய்யும் செய்தி இந்தப் பக்கங்களுக்கு வருவதே இல்லை. அது துளையின் ஓரத்தில், சேறு படிந்த ஒரு தாளில் எழுதப்படுகிறது. எந்த ஆழத்தில் பாறை வந்தது, அடியில் எவ்வளவு வண்டல் இருந்தது, கான்கிரீட் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதையெல்லாம் வைத்திருக்கும் தாள் அது. அதுதான் பைல் பதிவேடு. அதை எழுதுபவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார்? வேலையை நிறுத்தச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? இந்தத் துறை முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜப்பானின் யோகோஹாமாவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இன் இறுதியில், நான்கு கட்டடங்கள் கொண்ட ஒரு பெரிய குடியிருப்பில், ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் நடைபாதையின் கைப்பிடி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகியிருப்பதை அங்கே குடியிருந்த ஒருவர் கவனித்தார். தோண்டித் துருவிப் பார்த்தபோது, 473 பைல்களில் சில உறுதியான மண் அடுக்கைத் தொடவே இல்லை என்பது வெளிவந்தது. தொட்டதாகக் காட்டும் பதிவுகள் மட்டும் ஒழுங்காக இருந்தன, ஏனென்றால் அவற்றில் பல வேறு பைல்களின் பதிவிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை. 2015 அக்டோபரில் இது வெடித்தது. அதே துணை ஒப்பந்த நிறுவனம் செய்த வேறு நூற்றுக்கணக்கான வேலைகளிலும் இப்படிப்பட்ட திருத்தங்கள் இருந்ததாகத் தெரியவந்தது. பதிவுத்தாள் தீர்ந்துவிட்டது, நனைந்துவிட்டது, சுவிட்சைப் போட மறந்துவிட்டோம் என்ற காரணங்களும் அப்போது வெளிவந்தன. கடைசியில் 700க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்த நான்கு கட்டடங்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

அங்கே பதிவு செய்தது மனிதக் கையல்ல, தானியங்கிக் கருவி. துளையிடும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அது வரைந்துகொண்டே போகும். கெட்டியான அடுக்கில் நுனி பட்டதும் கோடு எகிறும். "ரிக்கில் கணினி வந்துவிட்டது, இனி பொய் எழுத முடியாது" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு யோகோஹாமாதான் நினைவுக்கு வருகிறது. கருவி சொன்னதை யார் எடுத்து வைக்கிறார், விடுபட்ட பதிவை விடுபட்டது என்று எழுத அவருக்குத் துணிவு இருக்கிறதா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 2009 மார்ச் 3ஆம் தேதி வரலாற்று ஆவணக் காப்பகம் சரிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஆவணங்களைக்கூடச் சேற்றிலிருந்து பொறுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தின் உதரச் சுவரில், அதாவது தோண்டுவதற்கு முன்பே மண்ணுக்குள் வார்க்கும் தடுப்புச் சுவரில், ஓட்டை இருந்தது. சுவர் வார்க்கும்போது குறுக்கே வந்த தடையை முழுதாக அகற்றாமல் விட்ட இடம் அது. பள்ளம் ஆழமானபோது அந்த வழியே நிலத்தடி நீர் மணலையும் சரளையையும் அள்ளிக்கொண்டு வந்தது, காப்பகத்தின் அடியில் இருந்த மண் காலியானது. அந்த வேலையின் பதிவேடுகளிலும் திருத்தம் செய்யப்பட்டிருந்தது பிறகு வெளிப்பட்டது.

ஹாங்காங்கின் ஷா டின் பகுதியில் எழுப்பிக்கொண்டிருந்த இரண்டு உயரமான குடியிருப்புக் கட்டடங்களை 2000ஆம் ஆண்டில் இடிக்க முடிவு செய்தார்கள். பைல்கள் வரைபடத்தில் இருந்ததைவிடப் பல மீட்டர் குட்டையாக இருந்ததே காரணம்.

இந்த மூன்று இடங்களிலும் பணமோ இயந்திரமோ அறிவோ பற்றாமல் போகவில்லை. மண்ணுக்குள் இருந்தது ஒன்று, தாளில் இருந்தது இன்னொன்று.

துளையின் ஓரத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகச் சிலவற்றை விவரமாகச் சொல்ல வேண்டும். துளையிட்டு முடித்ததும், நுனியில் இரும்பு எடை கட்டிய அளவுநாடாவை உள்ளே இறக்குவோம். எடை சுத்தமான பாறையில் பட்டால் 'டக்' என்ற அதிர்வு கைக்கு வரும், நாடா சட்டென்று தளரும். அடியில் வண்டல் இருந்தால் நாடா மெல்ல மெல்லத் தளரும், எடையைத் தூக்கும்போது யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கைக்குப் பழக்கிக்கொள்ளாமல் யாரும் பைல் பொறியாளர் ஆக முடியாது என்பது என் கருத்து.

அந்த அளவை ஒரு முறை எடுத்தால் போதாது. கம்பிக் கூண்டை இறக்கி, துண்டுகளை இணைத்து, கான்கிரீட்டைத் துளையின் அடிவரை கொண்டுபோகும் ட்ரெமி குழாயைப் பொருத்தி முடிப்பதற்குள் மணிக்கணக்கில் நேரம் போய்விடும். துளை சரியாமல் இருக்க நிரப்பிய பென்டோனைட் களிமண் கரைசலில் மிதந்துகொண்டிருந்த மணல் அந்த நேரத்தில் அடியில் போய்ப் படியும். ஆகவே கான்கிரீட் ஊற்றுவதற்குச் சற்று முன்பு மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் வண்டலின் தடிமன். அது அனுமதித்த அளவைத் தாண்டினால், கூண்டு உள்ளே இருந்தாலும் சரி, கான்கிரீட் லாரி வாசலில் காத்திருந்தாலும் சரி, அடியை மறுபடி சுத்தம் செய்தாக வேண்டும். அந்த இரண்டாவது எண்ணை உள்ளபடி எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் தேவை என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். லாரி ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், ரிக் காலியாக நிற்கிறது, மேலாளர் தொலைபேசியில் கத்துகிறார். தாளில் ஓர் எண்ணை மாற்றினால் எல்லாம் அமைதியாகிவிடும்.

ட்ரெமி குழாய் விஷயமும் அப்படித்தான். குழாயின் வாய் எப்போதும் ஊற்றிய கான்கிரீட்டுக்குள் குறைந்தது 2, 3 மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மேலே இழுத்துவிட்டால் கரைசலும் சேறும் கான்கிரீட்டோடு கலந்து பைலின் நடுவே பலவீனமான ஓர் அடுக்கு உருவாகும். ஒவ்வொரு லாரி ஊற்றியதும் கான்கிரீட் மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து, கணக்குப்படி உயர வேண்டிய அளவோடு ஒப்பிட வேண்டும். கணக்கைவிட அதிகமாக உயர்ந்தால் உள்ளே மண் சரிந்து பைல் ஒடுங்கியிருக்கலாம். குறைவாக உயர்ந்தால் துளை எங்கோ அகன்றிருக்கிறது. ஐரோப்பிய அடித்தள ஒப்பந்தக்காரர்கள் கூட்டமைப்பும் ஆழ அடித்தள நிறுவனமான டிஎஃப்ஐயும் சேர்ந்து ட்ரெமி கான்கிரீட்டுக்கு ஒரு வழிகாட்டியை 2016இல் வெளியிட்டன, 2018இல் திருத்திய பதிப்பும் வந்தது. இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் அதைப் படித்துவிட்டு வேலைக்கு வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

சோதனைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பைல் தலையில் சிறிய சுத்தியலால் தட்டி எதிரொலியைக் கேட்கும் சோதனை மலிவானது, விரைவானது. மிக நீளமான பைல்களில் அந்த ஒலி திரும்பி வருவதற்குள் மங்கிவிடும், நுனிக்குக் கீழே வண்டல் இருக்கிறதா என்பதையும் அது நம்பும்படி சொல்லாது. கூண்டோடு குழாய்களைக் கட்டி ஒலி அலை அனுப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது. கான்கிரீட் இறுகும்போது எழும் வெப்பத்தை வைத்துப் பைலின் வடிவத்தைக் கணிக்கும் முறை அதைவிடப் புதியது. சுமைச் சோதனையில் ஜார்ஜ் ஆஸ்டர்பெர்க் 1980களில் உருவாக்கிய முறை ஒரு பெரிய திருப்பம். பைலுக்குள்ளேயே நீரழுத்தக் கலத்தைப் புதைத்து, மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றைத் தள்ள வைப்பார்கள். மேலே மலைபோல் எடை அடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கலத்தை முன்கூட்டியே கூண்டில் பொருத்தியாக வேண்டும். ஆகவே சோதனைக்கு உள்ளாகப் போகும் பைல் எது என்று தளத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்றைக் கண்ணும் கருத்துமாகச் செய்வார்கள். மீதி நூறு பைல்களும் அதே கவனத்தோடு வார்க்கப்பட்டனவா என்பதற்குச் சாட்சி பதிவேடு ஒன்றுதான்.

சான் பிரான்சிஸ்கோவின் மில்லேனியம் டவர் வேறு கதை. அதை மேலே சொன்னவற்றோடு சேர்ப்பது நியாயமில்லை. 58 மாடிக் கட்டடம், 2009இல் முடிந்தது. பைல்கள் பாறை வரை போகாமல் அதற்கு மேலிருந்த மணல் அடுக்கில் நின்றன. கீழே இருந்த களிமண் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அமுங்கிக் கட்டடம் 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது, சாயவும் செய்தது. 2016இல்தான் இது ஊரறிந்த செய்தியானது. பாறை வரை 52 புதிய பைல்கள் போட்டு நிமிர்த்தும் வேலை தொடங்கியபோது சாய்வு மேலும் கூடியது. 2021 ஆகஸ்டில் வேலையை நிறுத்தினார்கள். துளையிடும் முறையை மாற்றினார்கள், பைல்களின் எண்ணிக்கையை 18ஆகக் குறைத்தார்கள், 2023இல் முடித்தார்கள். பலர் இந்த நிறுத்தத்தைத் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அந்த நெடிய கதையிலேயே பிடித்த பகுதி அதுதான். அளவீடு ஒழுங்காக நடந்தது, எண்கள் மோசமானபோது மூடி மறைக்காமல் கையை எடுத்தார்கள்.

வங்கதேசத்தின் பத்மா பாலத்திலும் எல்லோரும் 3 மீட்டர் விட்டத்தையும் ஏறக்குறைய 120 மீட்டர் ஆழத்தையும்தான் பேசுகிறார்கள். வெள்ளக் காலத்தில் ஆற்றுப்படுகை 60 மீட்டர் வரை அரிக்கப்படலாம் என்பதால் அவ்வளவு ஆழம் தேவைப்பட்டது. என்னைக் கவர்ந்தது வேறு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அடியில் களிமண் அடுக்குகள் தென்பட்டன. 22 தூண்களுக்கு வடிவமைப்பையே மாற்றி, ஆறு பைல்களுக்குப் பதிலாக ஏழு போட்டார்கள். காலம் தள்ளிப்போனது, வசவும் வாங்கினார்கள். 2022 ஜூனில் பாலம் திறக்கப்பட்டது. மண் சொன்னதைக் கேட்டு வரைபடத்தைத் திருத்திய அந்தப் பொறியாளர்களுக்கு என் மரியாதை என்றும் உண்டு.

சரி, என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால் காசு கொடுக்கும் முறை மாற வேண்டும். இந்தத் துறையில் பெரும்பாலும் மீட்டர் கணக்கில்தான் கூலி. துளையிட்ட மீட்டருக்குக் காசு உண்டு. அடியைக் கழுவும் ஒரு மணி நேரத்துக்கு, மறுபடி அளக்கும் நேரத்துக்கு, சந்தேகம் வந்து காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லை. இப்படி ஒப்பந்தம் எழுதிவிட்டு, அடியைச் சுத்தம் செய்யவில்லை என்று தொழிலாளர்கள் மேல் பாய்வது அநியாயம். கழுவுவதும் சோதிப்பதும் விலைப்பட்டியலில் தனி இனங்களாக வர வேண்டும். பதிவேட்டை எழுதுபவர் துளையிடும் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கக் கூடாது. ரிக்கின் மூலத் தரவு அன்றைக்கே கட்டட உரிமையாளரின் கைக்குப் போக வேண்டும்.

செலவு கூடும் என்பார்கள். நீண்ட கணக்கில் குறையும் என்பதே என் வாதம். சோதனை அதிகமாகச் செய்தால் வடிவமைப்பில் வைக்கும் பாதுகாப்புக் குணகத்தைக் குறைத்துக்கொள்ள ஐரோப்பிய அடித்தள வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோகோட் 7 இடம் தருகிறது. அமெரிக்க நெடுஞ்சாலை விதிகளிலும் அதே போக்குதான். வார்ப்பவரை நம்ப முடியாதபோது வடிவமைப்பாளர் பைலை நீளமாக்குகிறார், விட்டத்தைக் கூட்டுகிறார். அந்த அவநம்பிக்கை முழுவதும் சிமென்டாகவும் கம்பியாகவும் மண்ணுக்குள் புதைகிறது. கார்பனைக் குறைக்கிறோம் என்று மின்சார ரிக்கைப் படம் எடுத்துப் போடும் நிறுவனங்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

தவறுகளை வெளியே சொல்வதிலும் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். 2009 ஜூனில் ஷாங்காயில் 13 மாடிக் கட்டடம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்த படத்தைப் பார்க்காத பொறியியல் மாணவர் இருக்க மாட்டார். ஒரு பக்கம் வாகன நிறுத்தத்துக்காகப் பள்ளம், மறுபக்கம் தோண்டிய மண் 10 மீட்டர் உயரத்துக்குக் குவியல். மண் பக்கவாட்டில் தள்ளியதில் உள்ளீடற்ற பைல்கள் முறிந்தன. ஒரு தொழிலாளி இறந்தார். காரணம் பகிரங்கமானதால் அந்தப் பாடம் எல்லா வகுப்பறைகளுக்கும் போனது. இப்படிப் பகிரங்கமாகாதவைதான் அதிகம். ரகசிய உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுப் பூசி மெழுகிவிடுகிறார்கள், அடுத்த தளத்தில் இன்னொருவர் அதே பள்ளத்தில் விழுகிறார்.

என் கைக்கு வரும் ஒப்பந்த வரைவுகளில், அடியைச் சுத்தம் செய்யும் நேரத்துக்கு மணிக்கணக்கில் கூலி தரும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வருகிறேன். சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், சிலர் அடித்துவிடுகிறார்கள். இதைப் படிப்பவர்களில் ஒப்பந்தம் தயாரிப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்த வரியின் வாசகத்தை அப்படியே அனுப்பித் தருகிறேன்.