ரஸ்கோல்னிகோவைத் தூக்கில் போடவில்லை

தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், வட்டிக்குக் கடன் கொடுக்கும் கிழவியைக் கொன்ற ரஸ்கோல்னிகோவை ரத்தக்கறையை வைத்துப் போலீஸ் பிடித்துத் தூக்கில் போட்டது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

விசாரணை அதிகாரி போர்ஃபிரிக்குச் சந்தேகம் இருந்தது, கையில் ஆதாரம் இல்லை. செய்யாத கொலையைத் தான்தான் செய்ததாக ஒரு பெயின்டர் வேறு ஒப்புக்கொண்டுவிட்டான். ரஸ்கோல்னிகோவ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம், மனசு விடவில்லை. வீட்டுக்காரியின் கடன் பாக்கிக்காக ஸ்டேஷனுக்குப் போனவன், அங்கே கொலைப் பேச்சு காதில் விழுந்ததும் மயங்கிச் சரிகிறான். திருடிய பர்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு பெரிய கல்லுக்கடியில் ஒளிக்கிறான். (அதில் 317 ரூபிள் இருந்தது பிறகுதான் தெரிகிறது!) கடைசியில் தானே போய் ஒப்புக்கொள்கிறான். தண்டனை, சைபீரியாவில் 8 ஆண்டு கடுங்காவல்.

ஆறாம் பாகத்தின் முடிவையும் அதற்கடுத்த நிறைவுப் பகுதியையும் புரட்டினால் போதும். பழைய நூல்களை இணையத்தில் தரும் குட்டன்பர்க் தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.