போர்த்திவிட்ட பிறகு சொன்ன சொற்கள்

நபி (ஸல்) அவர்களின் முதல் மனைவி அன்னை கதீஜா (ரலி) அவர்களைப் பற்றிய பயான் (மார்க்கச் சொற்பொழிவு) என்றாலே, அவர்கள் மக்காவின் பெரும் வணிகராக இருந்ததையும், அந்தச் செல்வத்தை மார்க்கத்துக்காக வாரி வழங்கியதையும் சொல்லி, "பெண்களே, நீங்களும் இப்படிக் கணவனுக்குத் துணை நில்லுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். சிறு வயதிலிருந்து இதையே கேட்டு வளர்ந்தவன் நான். பொருளைக் கொடுத்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்தவற்றுள் தலையாயது பொருள் அன்று என்பதே என் எண்ணம்.

மக்காவுக்கு அருகிலுள்ள ஹிரா குகையில் தனித்திருந்த நாட்களில் நபி (ஸல்) அவர்கள் உணவைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்றும், அது தீர்ந்ததும் கதீஜாவிடம் திரும்பி வந்து மறுபடியும் எடுத்துச் செல்வார்கள் என்றும் புகாரி என்னும் நபிமொழித் தொகுப்பில் வருகிறது. அந்தக் கட்டுச்சோற்றைப் பற்றி எவரும் பயான் செய்து நான் கேட்டதில்லை.

கி.பி. 610இல் அந்தக் குகையில் முதல் வஹீ (இறைச்செய்தி) இறங்கியபின், இதயம் படபடக்க வீட்டுக்குள் வந்த நபியவர்கள், "என்னைப் போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள்" என்றார்கள். போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்து நடந்ததைச் சொல்லி, எனக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சுகிறேன் என்றபோது, கதீஜா அவர்கள் வெறுமனே "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று சொல்லி நிறுத்திவிடவில்லை. அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று சத்தியமிட்டுவிட்டு, அதற்கான காரணங்களை அடுக்கினார்கள்: நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவர்களின் பாரத்தைச் சுமக்கிறீர்கள், இல்லாதவருக்கு ஈட்டிக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், துன்பத்தில் சிக்கியவருக்குக் கைகொடுக்கிறீர்கள். இவற்றில் ஒன்றுகூட வானத்துச் செய்தி அன்று. ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து கண்ணால் கண்டவை. திருமணத்துக்கு முன்பே தம் சரக்கை அவரிடம் ஒப்படைத்துச் சிரியாவுக்கு அனுப்பி, உடன் சென்ற பணியாள் மைசராவிடம் விசாரித்து, ஆளை எடைபோட்ட வணிகர் அல்லவா அவர்கள்? அதனால்தான் அதைக் குருட்டு நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்ன சாட்சியம் அது.

அதன் பிறகு செய்தது இன்னும் நுட்பமானது. தமக்குத் தெரிந்தது மனிதரைப் பற்றி. வேதத்தைப் பற்றித் தெரிந்தவர், முதுமையில் பார்வை இழந்திருந்த தம் உறவினர் வரகா இப்னு நவ்ஃபல். கணவரை அவரிடம் அழைத்துப்போய், "இவர் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை அவர்கள் இருவரிடமும் விட்டுவிட்டார்கள்.

நபியவர்களின் பனூ ஹாஷிம் குலத்தாரை மக்காவின் குறைஷியர் ஒதுக்கிவைத்த ஆண்டுகளில், அண்ணன் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் அத்தைக்காகக் கோதுமை கொண்டுவந்ததையும் நபியவர்களின் கடும் எதிரி அபூஜஹ்ல் வழிமறித்ததையும் பலரும் அறிவர். பசியோடு கழிந்த அந்த நாட்கள் முடிந்து சிறிது காலத்தில், 619 வாக்கில், அன்னையவர்கள் மறைந்தார்கள்.

624இல் முஸ்லிம்களுக்கும் மக்காவினருக்கும் நடந்த பத்ருப் போரில் நபியவர்களின் மருமகன் அபுல் ஆஸ் எதிரணியில் நின்று சிறைப்பட, அவரை மீட்க மகள் ஸைனப் மக்காவிலிருந்து அனுப்பிய பொருள்களுக்கிடையே ஒரு கழுத்துமாலை இருந்தது. மணநாளில் தாய் கதீஜா மகளுக்குப் பூட்டியது. அதைக் கண்டதும் நபியவர்கள் மனம் நெகிழ்ந்து, உங்களுக்குச் சரியென்று பட்டால் அவரை விடுவித்து மாலையையும் அவளிடமே திருப்பி அனுப்பிவிடலாமே என்று தோழர்களிடம் கேட்டார்கள்.